வடிவியல் கணக்குகளை விரைவாகப் போடுவது எப்படி? சில கேள்விகளும் பதில்களும்

கேள்வி: மத்திய அரசுப் பணிகளுக்கான எஸ்எஸ்சி சிஜிஎல் முதல்நிலைத் தேர்வில் 60 நிமிடங்களில் 100 வினாக்களுக்கு விடையளிக்க வேண்டும். முக்கோணத்தின் பக்கங்கள் 13, 14, 15 என்று கொடுத்துப் பரப்பளவைக் கேட்டால், மூன்று பக்கங்களிலிருந்து பரப்பளவைத் தரும் ஹெரான் சூத்திரத்திலேயே நேரம் கரைந்துவிடுகிறது. வேறு வழி உண்டா?

பதில்: சூத்திரத்தின் மீது பிழையில்லை, அதற்குள் வரும் பெருக்கலை முழுவதும் செய்து முடிப்பதில்தான் நேரம் போகிறது. அரைச்சுற்றளவு 21, அதிலிருந்து பக்கங்களை ஒவ்வொன்றாகக் கழித்தால் 8, 7, 6 என்பதால், 21, 8, 7, 6 ஆகியவற்றின் பெருக்கற்பலனுக்கு வர்க்கமூலம் காண வேண்டும். பலர் 7056 என்று பெருக்கிவிட்டுப் பிறகு அதன் வர்க்கமூலத்தைத் தேடுகிறார்கள். பெருக்காமல் 21-ஐ 7, 3 என்று பிரித்தால், இரண்டு 7-கள் ஒரு சோடியாகின்றன. எஞ்சியுள்ள 3, 8, 6 ஆகியவற்றின் பெருக்கற்பலன் 144. ஆகவே விடை 7 × 12 = 84.

இதைவிடவும் குறுகிய வழி ஒன்று இருக்கிறது. 5-12-13, 9-12-15 ஆகிய இரண்டு செங்கோண முக்கோணங்களிலும் 12 பொதுவாக இருப்பதும், 5-ஐயும் 9-ஐயும் கூட்டினால் 14 வருவதும் கண்ணில் பட்டால், 14 அலகுள்ள பக்கத்திற்கு உயரம் 12 என்பது எழுதாமலே தெரிந்துவிடும். 3-4-5, 5-12-13, 8-15-17, 7-24-25 ஆகிய நான்கையும் அவற்றின் மடங்குகளையும் வாய்ப்பாடு போல மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். செங்கோண முக்கோணத்தில் சுற்றுவட்ட ஆரம் கர்ணத்தில் பாதி. உள்வட்ட ஆரம், மற்ற இரு பக்கங்களின் கூடுதலிலிருந்து கர்ணத்தைக் கழித்து வருவதில் பாதி. 8-15-17 எனில் அவை முறையே 8.5, 3.

கேள்வி: கூம்பின் ஆரம் 20% கூடி, உயரம் 20% குறைந்தால் கன அளவு எவ்வளவு மாறும்? எண்களை எடுத்துக்கொண்டு போட்டால் நீள்கிறது.

பதில்: கூம்பின் கன அளவு ⅓πr²h. இதில் பையும் (π) மூன்றில் ஒரு பங்கும் மாறாதவை, அவற்றை எழுதவே வேண்டாம். ஆரம் வர்க்கமாக வருவதால் 1.2 × 1.2 × 0.8 = 1.152, அதாவது 15.2% கூடுகிறது. உருளைக்கும் இதே விடைதான்.

கேள்வி: சமபக்க முக்கோணத்தின் உள்ளே ஏதோ ஒரு புள்ளியிலிருந்து மூன்று பக்கங்களுக்கும் வரையப்பட்ட செங்குத்துகள் 6, 8, 10 செ.மீ. எனில், பக்கத்தின் நீளம் என்ன? புள்ளி எங்கே என்று தெரியாமல் எப்படித் தொடங்குவது?

பதில்: புள்ளி எங்கே இருக்கிறது என்று வினா சொல்லவில்லை என்பதே உங்களுக்குக் கிடைத்த குறிப்பு. விடை புள்ளியின் இடத்தைச் சார்ந்ததாக இருந்தால், அதைச் சொல்லாமல் கேட்டிருக்க முடியாது. புள்ளியை முனைகளோடு இணைத்தால் முக்கோணம் மூன்றாகப் பிரிகிறது. மூன்றின் அடிப்பக்கமும் சமம் என்பதால், செங்குத்துகளின் கூடுதலே முழு முக்கோணத்தின் உயரம். உயரம் 24 எனில் பக்கம் 16√3 செ.மீ. எங்கே என்று குறிப்பிடாத புள்ளி எதைக் கண்டாலும், அதை உங்களுக்கு வசதியான இடத்திற்கு நகர்த்திப் பார்க்கலாம். ஆனால் வினாவில் கொடுத்த அளவு எதுவும் மாறிவிடாமல் நகர்த்த வேண்டும். அவசரத்தில் பலர் தவறுவது இங்கேதான்.

கேள்வி: மகள் அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான சாட் (SAT) தேர்வுக்குப் படிக்கிறாள். படத்தைப் பார்த்துக் கோணத்தை மதிப்பிடலாமா?

பதில்: சாட் தேர்வில், வேறுவிதமாகக் குறிப்பிடாத வரை படங்கள் அளவுப்படியே வரையப்பட்டவை, ஆகவே கண்ணளவை வைத்துப் பொருந்தாத விடைகளை நீக்கலாம். மேற்படிப்புச் சேர்க்கைக்கான ஜிஆர்இ (GRE) தேர்வின் வடிவியல் படங்களுக்கு அந்த உறுதி இல்லை. அங்கே இப்பழக்கம் ஆபத்து.

கேள்வி: வட்டத்தின் பரப்பளவைப் பெருக்காமலே சரியான விடையைத் தேர்ந்தெடுக்க முடியும் என்கிறார்களே?

பதில்: ஆரம் 7-இன் மடங்காகவும் பையின் மதிப்பு 22/7 ஆகவும் இருந்தால், பரப்பளவு 11-ஆல் வகுபட வேண்டும். ஆரம் 21 எனக் கொடுத்து, 1356, 1376, 1386, 1396 என்று விடைகள் தந்திருந்தால், 1386 மட்டுமே வகுபடும். 42 அலகுப் பக்கமுள்ள சதுரத்திற்குள் இதே வட்டத்தை வரைந்து எஞ்சிய பரப்பைக் கேட்டால், விடை 378; அது 11-ஆல் வகுபடாது. எதைக் கேட்டிருக்கிறார்கள் என்று படித்த பிறகே இந்தச் சோதனையைக் கையில் எடுங்கள்.