மூன்று வாரம் வந்தவர்கள் நாலாவது வாரம் ஏன் வருவதில்லை?

கேள்வி: தாம்பரம் பக்கம் உள்ள ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் கமிட்டி உறுப்பினராக இருக்கிறேன். சுற்றிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகள் வந்துவிட்டதால் ஞாயிறு ஆராதனைக்குப் புதியவர்கள் அடிக்கடி வருகிறார்கள். வாசலில் வரவேற்க இரண்டு பேரை நிறுத்தியிருக்கிறோம். அறிவிப்பு நேரத்தில் முதல் முறை வந்தவர்களை எழுந்து நிற்கச் சொல்லி, பெயரும் ஊரும் கேட்டு, கைதட்டி, வாழ்த்து அட்டை கொடுக்கிறோம். ஆனாலும் இரண்டு மூன்று வாரத்தில் நின்றுவிடுகிறார்கள். சென்ற மாதம் கைக்குழந்தையோடு வந்த ஓர் இளம் தம்பதியும் அப்படித்தான். எங்கே குறை?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சென்னை)

பதில்:

அன்புள்ள சகோதரருக்கு,

வராமல் போனவர்களை நினைத்துக் கவலைப்படும் கமிட்டி உறுப்பினர்கள் எல்லாச் சபைகளிலும் இருப்பதில்லை. உங்கள் கடிதம் எனக்கு மகிழ்ச்சியைத் தந்தது. ஆனால் நீங்கள் எழுதியிருப்பதை மறுபடி படித்துப் பாருங்கள். கைகுலுக்கல், கைதட்டல், அட்டை எல்லாமே ஆயர் ஆசீர்வாதம் கூறுவதற்கு முன்பே முடிந்துவிடுகின்றன. புதியவர் தனியாக நிற்பது அதற்கு அப்புறம்தான்.

ஆராதனை முடிந்ததும் உங்கள் வளாகத்தில் என்ன நடக்கிறது என்று அடுத்த ஞாயிறு கொஞ்சம் தள்ளி நின்று கவனியுங்கள். பாடகர் குழு ஒரு பக்கம், கமிட்டிக்காரர்கள் ஆயர் அறை வாசலில், பெண்கள் ஐக்கிய சங்கத்து அம்மாக்கள் மரத்தடியில், வாலிபர்கள் பைக்குகளைச் சுற்றி என்று நிற்பார்கள். யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. வாரத்துக்கு ஒருமுறை பார்க்கிறவர்கள் பேசத்தான் செய்வார்கள். புதிதாக வந்தவர் இவர்களுக்கு நடுவே நடந்து போய் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார். முதல் வாரம் அது பெரிதாகத் தெரியாது. மூன்றாம் வாரமும் அப்படியே என்றால், தான் வந்தாலும் வராவிட்டாலும் இங்கே யாருக்கும் ஒன்றுமில்லை என்று அவருக்குப் புரிந்துவிடும்.

அதனால் கமிட்டியில் முதலில் ஒரு முடிவு எடுங்கள்: ஆராதனை முடிந்த முதல் பத்து நிமிடம் யாரும் கமிட்டி விஷயம் பேசக் கூடாது. பெயிண்ட் செலவும் மைக் செட் பழுதும் கொஞ்சம் காத்திருக்கட்டும். அந்தப் பத்து நிமிடம் தெரியாத முகத்தைத் தேடிப் போவதற்கு. கமிட்டி அப்படிச் செய்தால் மற்றவர்களும் பார்த்துக் கற்றுக்கொள்வார்கள்.

எழுந்து நிற்கச் சொல்வதைத் தயவுசெய்து நிறுத்திவிடுங்கள். வருகிறவர்களின் நிலைமை உங்களுக்குத் தெரியாது. வீட்டில் சொல்லாமல் வந்த வேறு மதத்துப் பெண் அங்கே உட்கார்ந்திருக்கலாம். முந்தைய சபையில் சண்டையில் மனம் நொந்து, கடைசி பெஞ்சில் கொஞ்ச காலம் அமைதியாக இருந்துவிட்டுப் போக வந்தவர் இருக்கலாம். முன்பின் தெரியாத அத்தனை பேர் திரும்பிப் பார்க்க, மைக்கில் தன் பெயரைச் சொல்ல எத்தனை பேருக்கு மனம் வரும்? ‘புதிதாக வந்திருப்பவர்களை அன்போடு வரவேற்கிறோம், ஆராதனை முடிந்ததும் டீ இருக்கிறது, குடித்துவிட்டுத்தான் போக வேண்டும்’ என்று ஆயர் உட்கார்ந்திருக்கிற எல்லாரையும் பார்த்துச் சொன்னால் போதும். அந்த டீயை மெய்யாகவே வைத்துவிடுங்கள். கையில் கிளாஸோடு நிற்கிறவரிடம் போய்ப் பேசுவது இரு பக்கத்துக்கும் சுலபம்.

அப்புறம், ‘சொந்த ஊர் எது?’ என்ற கேள்வி. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நம் சபைகளில் அந்தக் கேள்வி ஊரோடு நிற்பதில்லை. அடுத்து ‘அங்கே எந்தச் சபை?’ என்று வரும். அதற்கடுத்து ‘அப்பா பெயர் என்ன?’, ‘அவர்களுக்கு நீங்கள் என்ன வேண்டும்?’ என்று போகும். மூன்றாவது கேள்விக்குள் சாதி தெரிந்துவிடும். கேட்கிறவர் அதற்காகக் கேட்காமல் இருக்கலாம். ஆனால் பதில் சொல்கிறவருக்கு அது உடனே உறைக்கும், குறிப்பாக அந்தக் கேள்விகளால் வாழ்நாளெல்லாம் அடிபட்டவருக்கு. திருநெல்வேலிப் பக்கத்து வடக்கன்குளத்துக் கத்தோலிக்க ஆலயத்துக்குள் சாதியாரைப் பிரித்து நின்ற சுவர் 1910இல் இடிக்கப்பட்டது. இத்தனை காலத்துக்குப் பிறகும் வாசலில் நின்று வேறொரு சுவரை நாம் எழுப்பக் கூடாது. பொன்மோதிரம் போட்டவனுக்கு நல்ல இடமும் கந்தை உடுத்தியவனுக்குப் பாதபடியும் காட்டுகிற சபையை யாக்கோபு தன் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் எவ்வளவு கடுமையாகக் கேட்கிறார் என்பதை உங்கள் வரவேற்புக் குழுவோடு உட்கார்ந்து ஒருமுறை வாசியுங்கள். விசாரிக்க வேண்டுமென்றால், ‘இப்போது எந்தப் பக்கம் குடியிருக்கிறீர்கள்?’ ‘வருவதற்கு பஸ் வசதி இருக்கிறதா?’ ‘குழந்தை என்ன படிக்கிறது?’ என்று கேட்கலாம். ஊரை அவர்களே சொன்னால் சந்தோஷமாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆராதனைக்குள்ளும் சில சங்கடங்கள் உண்டு. சி.எஸ்.ஐ. சபை 1947இல் பல மரபினர் ஒன்றாகச் சேர்ந்து உண்டானது. ஆங்கிலிக்கன் மரபில் வளர்ந்த திருநெல்வேலிக்காரருக்கு எப்போது முழங்கால் படியிட வேண்டும், எப்போது எழ வேண்டும் என்பது தூக்கத்தில்கூடத் தெரியும். லண்டன் மிஷன் வழி வந்த நாகர்கோவில் பக்கத்துக்காரருக்கோ அமெரிக்க மிஷன் வழி வந்த மதுரைப் பக்கத்துக்காரருக்கோ பழக்கம் கொஞ்சம் வேறு. பெந்தெகொஸ்தே சபையிலிருந்து வருகிறவருக்கு ஆராதனை முறைப் புத்தகமே புதிது. பலகையில் மூன்று எண்கள் எழுதியிருக்கும். எது பாமாலை, எது கீர்த்தனை என்று அவர் தேடுவதற்குள் பாட்டு முடிந்துவிடும். பக்கத்தில் இருப்பவர் தன் புத்தகத்தைப் பக்கம் திறந்து அவர் கையில் கொடுத்தாலே பாதிக் கூச்சம் போய்விடும். பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிற பழைய உறுப்பினர் உள்ளே நகர்ந்து இடம்விடுவதும் அதே அளவு முக்கியம். ‘இது எங்கள் குடும்பம் உட்காருகிற இடம்’ என்று ஒருவர் சொல்லிவிட்டால் உங்கள் அட்டையெல்லாம் வீண்.

அப்பமும் திராட்சரசமும் வழங்கும் திருவிருந்து நாளில் யார் முன்னே வரலாம் என்பதை ஆயர் ஒரு வாக்கியத்தில் அறிவித்துவிடட்டும். இல்லையென்றால் போவதா வேண்டாமா என்று தெரியாமல் புதியவர் பெஞ்சில் தவித்துக்கொண்டிருப்பார். நம் திருவிருந்து முறையிலேயே ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. 1950இல் அந்த முறையை வகுத்தவர்கள், கேரளத்துச் சிரியன் சபைகளின் வழக்கத்தைப் பின்பற்றி, ஒருவர் கையை ஒருவர் பிடித்துச் சமாதானம் கூறுவதைச் சேர்த்தார்கள். பல சபைகளில் இன்று அது பக்கத்து ஆளுக்கு ஒரு கும்பிடோடு முடிந்துவிடுகிறது. இரண்டு பெஞ்ச் தள்ளித் தனியாக நிற்கிறவர் வரைக்கும் அந்தக் கை போய்ச் சேர வேண்டும்.

சரி, உங்கள் முக்கியமான கேள்விக்கு வருகிறேன். வந்தவர் நிலைக்க வேண்டுமென்றால் அவருக்குக் குழு தேவையில்லை, ஒரு ஆள் தேவை. எருசலேமில் சீஷர்கள் எல்லாரும், முன்பு தங்களைத் துன்பப்படுத்திய சவுலைக் (பிற்பாடு பவுல்) கண்டு பயந்தபோது, பர்னபா ஒருவர்தான் அவரைக் கூட்டிக்கொண்டு போய் அப்போஸ்தலர்கள் முன் நிறுத்தினார். அதுபோல ஒவ்வொரு புதிய குடும்பத்துக்கும் அவர்கள் தெருப் பக்கத்தில் குடியிருக்கிற, கிட்டத்தட்ட அதே வயதுள்ள ஒரு குடும்பத்தைப் பொறுப்பாக்குங்கள். இரண்டாம் ஞாயிறு அவர்கள் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். மூன்றாம் ஞாயிறுக்குள் இன்னும் நாலு பேரை அறிமுகப்படுத்த வேண்டும். வராவிட்டால் ‘ஏன் வரவில்லை?’ என்று கணக்குக் கேட்காமல், ‘உடம்புக்கு ஒன்றுமில்லையே?’ என்று ஒரு போன்.

வீட்டுக்குப் போவதானால் கேட்டுவிட்டுப் போங்கள். சொல்லாமல் கொள்ளாமல் ஏழெட்டுப் பேர் கிடாருடன் போய் நின்றால் ஒரு படுக்கையறை வீட்டில் இருப்பவர் என்ன செய்வார்? டிசம்பர் கேரல் ரவுண்ட்ஸுக்கும் இதே பேச்சுதான். புதிய குடும்பத்தை விட்டுவிடாதீர்கள், அதே சமயம் முன்கூட்டியே கேளுங்கள். வாடகை வீட்டுக்காரருக்கு இரவு ஒரு மணிக்கு டிரம்ஸ் சத்தம் கேட்டால் அடுத்த நாள் வீட்டு ஓனரிடம் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். வாட்ஸ்அப் குழுவிலும் அனுமதி வாங்கியே சேருங்கள்.

வேலை கொடுப்பதில் தயங்காதீர்கள். அறுப்பின் பண்டிகையில் பிரியாணிக் கடையில் பொட்டலம் கட்ட, ஏலத்துக்கு வந்த வாழைத்தாரைத் தூக்கிப் பிடிக்க, மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளியில் பிள்ளைகளுக்கு ஜூஸ் ஊற்ற உறுப்பினர் அட்டை தேவையில்லை. ஒரு நாள் முழுவதும் சேர்ந்து வேலை செய்தவர்கள் அடுத்த ஞாயிறு அன்னியராக இருக்க மாட்டார்கள். நம் சபைகளில் இந்த வேலைகளெல்லாம் வருடக்கணக்காக அதே ஆட்களிடம் இருக்கின்றன. பழையவர்கள் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால்தான் புதியவருக்கு இடம் கிடைக்கும். அதற்கு அவர்களைச் சம்மதிக்க வைப்பதுதான் உங்களுக்குக் கடினமான வேலையாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

உறுப்பினராகச் சேர்வது பற்றி அவசரப்படாதீர்கள், ஒளிக்கவும் வேண்டாம். பழைய சபையிலிருந்து மாற்றுக் கடிதம் எப்படி வாங்குவது, மாதச் சந்தா எவ்வளவு, பிள்ளையின் திடப்படுத்தல் (முழு உறுப்பினராக்கும் சடங்கு), திருமண ஓலை வாசிப்பு (சபையில் திருமண அறிவிப்பு), கல்லறைத் தோட்டத்தில் இடம் ஆகியவற்றுக்கு என்ன விதி என்று கேட்கிறவருக்குத் தெளிவாகச் சொல்ல ஒருவர் இருக்க வேண்டும். சேகரத் தேர்தல் (ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள சபை நிர்வாகத்துக்கான தேர்தல்) நெருங்கும் மாதங்களில் மட்டும் புதியவர்களைத் தேடிப் போய் உறவு கொண்டாடினால், தாங்கள் ஓட்டாக எண்ணப்படுகிறோம் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். உங்கள் அணியில் யாராவது அப்படிச் செய்தால் நீங்களே தடுக்க வேண்டும்.

வேறு மதத்திலிருந்து ஜெபிக்க வருகிறவர்களுக்கு ஒரு வணக்கமும் உட்கார இடமும் போதும். ‘ஸ்தோத்திரம்’ என்று சொன்னால் என்ன பதில் சொல்வதென்று அவர்கள் தவிப்பார்கள். எதற்காக வந்தார்கள் என்று நோண்டாதீர்கள். மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு அழுதுகொண்டிருந்தால், ஆயரம்மாவோ வயதான ஓர் அம்மாவோ பக்கத்தில் போய் உட்காரலாம்.

கடைசியாக அந்த இளம் தம்பதி. கைக்குழந்தையோடு வந்தவர்கள் ஆராதனையில் பாதி நேரம் வெளியே மரத்தடியில்தான் நின்றிருப்பார்கள். குழந்தை அழுத போது யாராவது திரும்பி முறைத்தார்களா என்று விசாரியுங்கள். பின் பக்கம் ஒரு அறையில் ஸ்பீக்கரும் ஃபேனும் நாலு நாற்காலியும் போட்டு, தாய்மார் பால் கொடுக்க வசதியாகத் திரை கட்டுங்கள். செலவு அதிகம் ஆகாது. அப்புறம் உங்கள் மனைவியோ வீட்டில் வேறு யாரோ அந்தப் பெண்ணுக்கு ஒரு போன் செய்யட்டும். வேறு சபைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள் என்றால் வாழ்த்திவிட்டு விட்டுவிடுங்கள். இன்னும் எங்கும் போகவில்லை என்றால், இந்த ஞாயிறு எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று கேட்டுக்கொண்டு கேட் அருகில் நில்லுங்கள்.