நாடக உத்திகளை வகுப்பில் சொல்லிக்கொடுப்பது எப்படி? – கேள்வி பதில்

பள்ளி மாணவர்களுக்கு நாடக உத்திகளைக் கற்பிப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு என்னால் முடிந்த பதில்கள் இவை. ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (ஒன்பதாம் வகுப்புத் தமிழாசிரியை): தனிமொழி, நாடக முரண், முன்னுணர்த்தல் என்று வரையறை எழுதிப் போட்டால் பிள்ளைகள் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள் சார். ஒரு காட்சியைக் கொடுத்து, இதில் என்ன உத்தி இருக்கிறது என்று கேட்டால் முழிக்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: பெயர்களைக் கொஞ்ச நாள் தள்ளிப் போடுங்கள் டீச்சர். எந்தக் காட்சியை எடுத்தாலும் முதலில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த நிமிடத்தில் யாருக்கு என்ன தெரியும்? பேசுகிறவருக்கு என்ன தெரியும், கேட்கிறவருக்கு என்ன தெரியும், பார்த்துக்கொண்டிருக்கும் நமக்கு என்ன தெரியும்? கரும்பலகையில் மூன்று கட்டம் போட்டு நிரப்பச் சொல்லுங்கள்.

நாடகத்தின் அடிப்படை உத்திகளில் பெரும்பாலானவை அந்த மூன்று கட்டத்துக்குள் வந்துவிடும். நமக்குத் தெரிந்தது பாத்திரத்துக்குத் தெரியாவிட்டால் நாடக முரண். வேறு யாரும் கேட்காத நிலையில் பாத்திரம் தன் மனதை நமக்குத் திறந்து காட்டினால் தனிமொழி. பக்கத்தில் ஆள் இருக்கும்போதே அவர் காதில் விழாத மாதிரி ஒரு வரி சொன்னால், பிரதியில் ‘(தனக்குள்)’ என்று போட்டிருக்குமே, அது. இனி வரப்போவதன் சாயலை முன்பே நம் கண்ணில் காட்டிவிட்டால் முன்னுணர்த்தல். கட்டங்களை நிரப்பப் பழகிய பிள்ளைக்கு அப்புறம் பெயரைச் சொன்னால் போதும், ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி: நாடக முரணுக்கு எல்லாப் புத்தகத்திலும் ஈடிபஸ் என்ற கிரேக்க நாடகக் கதைதான் உதாரணம். நம் பிள்ளைகளுக்கு அந்தக் கதையே புதிது. தமிழில் நல்ல காட்சி ஒன்று சொல்லுங்களேன்.

பதில்: சிலப்பதிகாரத்தில் கொலைக்களக் காதை. காப்பியம்தான், ஆனாலும் அந்தப் பகுதி முழுக்க நாடகமாகவே நடக்கிறது. கோவலன் மதுரை வீதியில் பொற்கொல்லனைப் பார்க்கிறான். அரசிக்கு ஏற்ற இந்தச் சிலம்புக்கு உன்னால் விலை போட முடியுமா என்று நம்பிக் கேட்கிறான். சிலம்பைப் பார்த்த பொற்கொல்லன், அரசனிடம் சொல்லிவிட்டு வருகிறேன், அதுவரை என் குடிலுக்குப் பக்கத்தில் இருங்கள் என்கிறான். போகும்போது அவன் மனதில் ஓடுவதை இளங்கோவடிகள் மூன்றே அடியில் வைத்திருக்கிறார்: நான் திருடி ஒளித்த சிலம்பு வெளியே தெரிவதற்குள், வெளியூரிலிருந்து வந்த இந்தப் புதியவன் மேல் பழியைப் போட்டுவிடுவேன்.

அந்த மூன்று அடிதான் பாடம். இரண்டு குழு பிரியுங்கள். ஒரு குழு அந்த மூன்று அடி இல்லாமல் நடிக்கட்டும். பொற்கொல்லன் போகிறான், காவலரோடு திரும்புகிறான், கோவலன் வெட்டுப்படுகிறான். பார்ப்பவர்களுக்குத் திடுக்கிடும், அவ்வளவுதான். அடுத்த குழு அந்த அடிகளைப் பேசி நடிக்கட்டும். இப்போது கோவலன் ஒன்றும் செய்யாமல் சும்மா காத்திருக்கிறானே, அந்த இடம்தான் தாங்க முடியாததாகிவிடும். வகுப்பிலிருந்து யாராவது ஒரு பிள்ளை ‘போயிடுங்க’ என்று குரல் கொடுத்துவிட்டால் அதற்கு மேல் நீங்கள் விளக்கவே வேண்டாம். தனிமொழி எப்படி முரணை உண்டாக்குகிறது என்பதும் இதிலேயே வந்துவிடுகிறது. இரண்டையும் தனித்தனிப் பாடமாக நடத்தாதீர்கள்.

கேள்வி: அப்படியானால் சிலம்பைக் குறியீடு என்று சொல்லலாமா? ‘சிலம்பு எதைக் குறிக்கிறது’ என்று கேட்டால் ‘கற்பு’, ‘நீதி’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள்.

பதில்: எதைக் குறிக்கிறது என்ற கேள்வியைக் கடைசிக்கு வையுங்கள். மேடையில் அது முதலில் ஒரு பொருள். யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்று பின்தொடரச் சொல்லுங்கள். கண்ணகி கழற்றிக் கொடுக்கிறாள், கோவலன் கொண்டுபோகிறான், பொற்கொல்லன் பார்க்கிறான், கடைசியில் அரசவைக்கு வருகிறது.

வழக்குரை காதையில் அந்த மூன்று கட்டத்தை மறுபடி போடுங்கள். அரசியின் சிலம்பில் இருப்பது முத்து. அது அரசனுக்குத் தெரியும். தன் சிலம்பில் இருப்பது மாணிக்கம். அது கண்ணகிக்குத் தெரியும். சிலம்புக்குள் இருப்பது என்ன என்ற ஒரு கேள்வியை முன்பே யாராவது கேட்டிருந்தால் கோவலன் உயிரோடு இருந்திருப்பான். யாரும் கேட்கவில்லை. சிலம்பு உடைந்து மாணிக்கம் அரசன் முகத்தை நோக்கித் தெறிக்கும் நொடியில்தான் அவையில் இருக்கும் எல்லோருக்கும் ஒரே உண்மை தெரிகிறது. உச்சக்கட்டம் என்பதைப் பிள்ளைகளுக்கு இதைவிடத் தெளிவாகக் காட்ட என்னிடம் வேறு காட்சி இல்லை.

நடிக்கும்போது ஒன்று கவனியுங்கள்: மாணிக்கம் கடைசி பெஞ்சுக்குத் தெரியாது. சிலம்பு தரையில் விழும் சத்தமும் அரசனாக நிற்பவன் முகமும்தான் தெரியும். அதனால் கண்ணகிக்கு எவ்வளவு ஒத்திகை கொடுக்கிறீர்களோ அதே அளவு பாண்டியனுக்கும் கொடுங்கள். சிலம்பு உடைந்ததும் அவன் உடனே பேசிவிடக் கூடாது.

கேள்வி (யாழ்ப்பாணம்): சேர், க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு ‘நாடகமும் அரங்கியலும்’ பாடம் படிப்பிக்கிறேன். கிரேக்கக் கோரசும் எங்கட கூத்தில் வாற கட்டியகாரனும் ஒன்று என்று எழுதலாமோ?

பதில்: வேண்டாம். இருவரும் பார்வையாளருக்கும் கதைக்கும் நடுவில் நிற்கிறார்கள், அது உண்மை. ஆனால் கிரேக்கக் கோரஸ் ஒரு கூட்டம்; சோபோகிளீஸ் என்ற கிரேக்க நாடகாசிரியரின் நாடகங்களில் 15 பேர். ஊர்ப் பெரியவர்கள் போலக் கதைக்குள்ளேயே இருந்து பாடுவார்கள், ஆடுவார்கள், அஞ்சுவார்கள். கட்டியகாரன் தனி ஆள். அரசன் வரவை அறிவிக்கிறார். தெருக்கூத்தில் கட்டியங்காரன் இன்னும் ஒரு படி மேலே போய், வந்த ராஜாவையே யார் நீ என்று கேட்பார், அடுத்த நிமிடம் முன்வரிசையில் இருப்பவரிடம் உள்ளூர் விஷயம் பேசுவார். கதைக்குள்ளும் ஊருக்குள்ளும் மாறி மாறிக் கால் வைக்கிற உரிமை அவருக்கு உண்டு. கூட்டுக் குரல் என்ற அளவில் கோரசுக்குப் பக்கத்தில் வருவது, பின்னால் இருந்து பலர் சேர்ந்து பாடும் பிற்பாட்டுத்தான். இந்த வேறுபாட்டை எழுதும் பிள்ளைக்குத் தாராளமாக மதிப்பெண் போடலாம்.

கேள்வி: தனிமொழி பேசச் சொன்னால் பிள்ளைகள் கூச்சப்படுகிறார்கள், அல்லது ஒரே சுருதியில் ஒப்பிக்கிறார்கள்.

பதில்: தனிமொழி ஒரு சண்டை என்று சொல்லிப் பாருங்கள். ஷேக்ஸ்பியரின் மக்பெத் நாடகத்தில் முதல் அங்கம் ஏழாம் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். டங்கன் என் உறவினன், என் அரசன், இன்று என் வீட்டு விருந்தாளி, நல்லவன். கொல்லக் கூடாது என்று மக்பெத் காரணங்களை அடுக்குகிறான். எதிர்ப்பக்கம் அவனிடம் இருப்பது பேராசை ஒன்றுதான். இரண்டு பிள்ளைகளை நிறுத்தி, ஒருவர் ‘கொல்’, இன்னொருவர் ‘வேண்டாம்’ என்று வாதாடட்டும். பிறகு அதே வாதத்தை ஒருவரே பேசட்டும். மனம் மாறும் இடத்தில் ஓர் அடி எடுத்து வைக்கச் சொல்லுங்கள். ஒப்பித்தல் தானாக நின்றுவிடும்.

கேள்வி: துயரக் காட்சிகளுக்கு நடுவே வரும் நகைச்சுவையை ஆண்டு விழாவுக்காக வெட்டிவிடலாமா?

பதில்: வெட்டாதீர்கள். அதே மக்பெத்தில் கொலை முடிந்ததும் கதவு தட்டப்படுகிறது; போதையில் இருக்கும் வாயில்காவலன் தன்னை நரகத்தின் வாயில்காவலனாக நினைத்துக்கொண்டு உளறியபடி மெதுவாக வருகிறான். உள்ளே அரசன் செத்துக் கிடப்பது நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. சிரிப்போடு சேர்ந்து பதற்றமும் ஏறுகிறது.

கேள்வி (பி.எட். மாணவர்): முன்னுணர்த்தலுக்குச் சின்ன உதாரணம் ஒன்று?

பதில்: கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும்போது கோட்டைக் கொடிகள் ‘வராதீர்கள்’ என்று கை காட்டுவதுபோல அசைகின்றன. காற்றில் கொடி அசைவதுதான். அவர்களுக்கு அது கொடி, நமக்கு எச்சரிக்கை. மேடையில் ஒரு துணியை வைத்தே செய்துவிடலாம்.

கேள்வி: வகுப்பில் 60 பேர், பாடவேளை 45 நிமிடம், மேடை கிடையாது. இதெல்லாம் நடக்கிற காரியமா?

பதில்: நடக்கும். முன்வரிசை பெஞ்சை மட்டும் பின்னால் தள்ளுங்கள், அந்த இடம் போதும். நான்கு பேர் நடிக்கட்டும், காட்சி ஐந்து நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். உட்கார்ந்திருப்பவர்களை மூன்று கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டம் கோவலனுக்குத் தெரிந்ததை மட்டும் எழுதட்டும், ஒரு கூட்டம் பொற்கொல்லனுக்குத் தெரிந்ததை, மூன்றாவது கூட்டம் நமக்குத் தெரிந்ததை. ‘நிறுத்து’ என்று நீங்கள் சொல்லும் இடத்தில் நடிப்பவர்கள் அப்படியே நிற்க, மூன்று கூட்டமும் எழுதியதைப் படிக்க வேண்டும். பொருந்தாத வரிகளைக் கரும்பலகையில் எழுதுங்கள். வரையறையை அந்த வரிகளிலிருந்தே பிள்ளைகள் சொந்த வாக்கியத்தில் எழுதட்டும். பாடநூலில் உள்ளதை மறுநாள் ஒப்பிட்டுக்கொள்ளலாம்.