தாது வருஷத்தின் பேய்கள் – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

நானும் நண்பர்கள் சிலரும் தாது வருஷப் பஞ்சத்தைக் களமாகக் கொண்டு ஒரு திகில் வீடியோ கேம் உருவாக்கி வருகிறோம். 1877இல் சேலம் பக்கத்து நிவாரண முகாம் ஒன்றில் ஆட்களின் பெயரைப் பதியும் குமாஸ்தாதான் நாயகன். பசியில் செத்து எழுந்து மனிதரைத் தின்ன வரும் பிணங்கள், கொள்ளிவாய்ப் பிசாசு, வெறிநாய்க் கூட்டம், இறுதியில் பஞ்ச அரக்கன் என்று எதிரிகளை யோசித்திருக்கிறோம். எல்லாமே எங்கோ பார்த்தவை போலிருக்கின்றன. வேறு எவற்றைக் கொண்டுவரலாம்?

– ஒரு வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

பட்டியலில் முதலாவதாக இருக்கும் பிணங்களை எடுத்துவிடுங்கள். 1876 முதல் 1878 வரை பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் சுமார் 55 லட்சம் பேர் மாண்டார்கள் என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. அவர்களை எழுப்பி நிறுத்தி, சுட்டு வீழ்த்தினால் மதிப்பெண் என்று வைப்பது, பசித்தவனே பஞ்சத்தின் குற்றவாளி என்று விளையாடுபவரின் விரல்களைப் பழக்குவதாகும். அந்த ஆண்டுகளில் அஞ்ச வேண்டியவர்கள் அளந்து கொடுத்தவர்களும் நின்று பார்த்தவர்களுமே.

கொள்ளிவாய்ப் பிசாசு சதுப்பு நிலத்துக்கு உரியது. ஏரியெல்லாம் வெடித்துக் கிடந்த ஆண்டில் அதற்கு இருப்பிடம் ஏது? நாய்க்கும் நரிக்கும் பின்னணி ஒலியில் இடம் கொடுத்தால் போதும்.

அளவையிலிருந்து தொடங்குங்கள். 1877 ஜனவரியில் வைஸ்ராய் லிட்டன் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள், நாள் முழுக்க மண் சுமக்கும் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று கூலியைக் குறைத்தார். பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் அதனினும் குறைவு. ஒரு பவுண்டு என்பது சுமார் 450 கிராம். சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் இதைக் கடுமையாக எதிர்த்து வாதாடிய பிறகே, சில மாதங்கள் கழித்து, அளவு சற்று உயர்ந்தது. உங்கள் முதல் எதிரி இந்தத் தராசாகவே இருக்கலாம். நாயகன் அதை எடுக்கும் ஒவ்வொரு காலையும் எடைக்கல் மாறாமல் தட்டு மட்டும் சிறுத்துக்கொண்டே போகட்டும். வரிசையில் நிற்பவர்கள் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாதிருக்கட்டும். வீட்டிலிருந்து பத்து மைலுக்குள் இருக்கும் முகாமில் வேலை கிடையாது என்றொரு விதியும் இருந்தது. இரவில் நீளும் சாலை ஒன்றை அதிலிருந்து நீங்களே செய்துவிடுவீர்கள்.

நான் அதிகம் அஞ்சுவது ஹூப்பரை. சென்னைக் குதிரைப்படை அதிகாரியான வில்லோபி வாலஸ் ஹூப்பர், எலும்பும் தோலுமாகிவிட்ட குடும்பங்களை ஒழுங்காக உட்காரவைத்தும் படுக்கவைத்தும் எடுத்த படங்களே இந்தப் பஞ்சத்தின் படங்களாக இன்று நாம் காண்பவற்றில் பல. விலாவை எண்ணிவிடலாம், பிள்ளையின் முழங்கை அதன் கையைவிடப் பருத்திருக்கும். 1886இல் பர்மாவின் மண்டலேயில், சுட்டுக் கொல்லப்படவிருந்த கைதிகளை, குண்டு பாயும் கணத்தில் படம்பிடிக்க முயன்றதற்காக விசாரணைக்கு உள்ளானவரும் இவரே. ஆகவே அந்தக் காலத்துக் கேமராவைப் போல, மரத்தாலான மூன்று கால்களும் கறுப்புத் துணிபோர்த்திய தலையும் கொண்ட உருவமொன்று முகாமைச் சுற்றிவரட்டும். அதன் கண் திறந்திருக்கும்வரை எவரும் அசைய முடியாது. கஞ்சிக் கலயத்தை நோக்கி நீண்ட கையும் அப்படியே நிற்க வேண்டும். அது யாரையும் தொடுவதில்லை. கண்ணை மூடிக்கொண்டு அது நகரும்போது, நின்றவர்களில் ஒருவர் குறைந்திருப்பார். ஹூப்பரின் பெயரையும் முகத்தையும் அதற்குக் கொடுக்காதீர்கள். கொடுத்தால் ஒரு தனிமனிதனின் கொடூரமாகச் சுருங்கிவிடும்.

இனிப் பேய்கள். நம் மொழியில் பசித்த பேய்களை கலிங்கத்துப்பரணிபோல் விரிவாகக் காட்டிய நூல் குறைவு. அங்கே பேய்கள் காளியிடம் பசிக்கிறது என்று முறையிடுகின்றன; போர் முடிந்த களத்தில் கூழ் சமைத்து, பார்ப்பனப் பேய், சமணப் பேய், குருட்டுப் பேய், ஊமைப் பேய் என்று ஒவ்வொன்றுக்கும் வார்க்கின்றன. கவனியுங்கள், கலிங்க வீரர்களைக் கொன்றவை பேய்கள் அல்ல. கொன்றது குலோத்துங்கனின் படை. பேய்கள் காத்திருந்து உண்டன. உங்கள் முகாமிலும் அவை யாரையும் தாக்காமல் கஞ்சித் தொட்டியைச் சுற்றிக் குந்தியிருக்கட்டும். அவற்றை விரட்ட வழி இருக்கலாம். விரட்டாமல் விடவும் வழி இருக்க வேண்டும்.

பஞ்ச அரக்கன் தேவையில்லை. டெம்பிள் தம் சுற்றுப்பயணத்தில் ஏராளமானோரை நிவாரண வேலையிலிருந்து நீக்கினார். எனவே கடைசி லெவலில் தலை எண்ண வரும் அதிகாரி ஒருவர் போதும். நாயகனின் கையில் இருக்கும் ஒரே ஆயுதம் பேனா. செத்தவர்களின் பெயரை அடிக்காமல் வைத்திருந்து, அவர்கள் பங்குத் தானியத்தை உயிரோடிருப்பவர்களுக்கு அளந்து வந்திருக்கிறான். பதிவேட்டில் நானூறு பெயர், மைதானத்தில் நூற்றெண்பது பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிகாரி எண்ணத் தொடங்குகிறார். விளையாடுபவர் இதுவரை விரட்டாமல் விட்ட பேய்கள் ஒவ்வொன்றாக எழுந்து வந்து வரிசையின் கடைசியில் நிற்கின்றன. எத்தனையை விட்டுவைத்தாரோ அத்தனை பேருக்குத்தான் மறுநாள் கஞ்சி.

அன்புடன்.