குழந்தை பிறந்த பிறகு அப்பாவுக்கும் மனச்சோர்வு வருமா?

வரும். எனக்கு வந்தது.

பாம்பனில் விசைப்படகுத் தொழிலுக்குப் போகிறவன் நான். நவம்பரில் பையன் பிறந்தான். தலைப்பிரசவம் என்பதால் மனைவி அவள் அம்மா வீட்டில் இருந்தாள். மூன்றாம் மாதம் கூட்டிவந்தோம். அதன் பிறகுதான் ஆரம்பித்தது. அழுகையாக வந்திருந்தால் எனக்கே புரிந்திருக்கும். எரிச்சலாக வந்தது. பிள்ளை சிணுங்கினால் கரைக்குப் போய்விடுவேன். தொழில் இல்லாத நாளிலும் வலையைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். குடியும் கூடியது. "பெத்தவளே எந்திரிச்சு நடக்குறா, மாப்பிள்ளைக்கு என்ன வந்துச்சு?" என்று மாமியார் கேட்டதில் தப்பில்லை.

ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. 61 நாள் கடலுக்குப் போக முடியாது, ஒளிய இடமும் இல்லை. ஒரு ராத்திரி தொட்டிலை ஆட்டிக்கொண்டே, இவன் பிறக்காமலே இருந்திருக்கலாம் என்று நினைத்துவிட்டேன். மறுநாள் சாயங்காலம்தான் மனைவியிடம் சொல்ல முடிந்தது. திட்டுவாள் என்று பார்த்தால், "எனக்கும் ரெண்டு மாசமா அப்படித்தான் இருக்கு" என்றாள்.

டாக்டரிடம் போகத்தான் பயம். எங்கள் பக்கம் மனசு சரியில்லை என்றாலே ஏர்வாடி என்பார்கள். 2001-இல் அங்கே ஒரு காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டிக் கிடந்த 28 பேர் செத்துப்போனார்கள். அப்போது நான் பள்ளிக்கூடத்துப் பையன். அந்தச் சங்கிலி மனசைவிட்டுப் போகவே இல்லை.

கடைசியில் ராமநாதபுரத்தில் இருவருமே ஒரு மனநல மருத்துவரைப் பார்த்தோம். ஏறக்குறைய பத்து அப்பாக்களில் ஒருவருக்கு இது வருகிறதாம். மூன்றாவது மாதத்திலிருந்து ஆறாவது மாதம் வரை அதிகமாம். தாய்க்கு இருந்தால் தகப்பனுக்கும் வரும் வாய்ப்பு கூடுமாம். பிள்ளை பிறந்தால் ஆணுக்கும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் குறையும் என்றார். (படகில் இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கரை சேரும்வரை சிரிப்பார்கள்.) மாத்திரை எல்லாருக்கும் தேவைப்படாது, எனக்கு இப்போதைக்கு வேண்டாம், குடியை விட்டுவிட்டுத் தூங்குங்கள், மாதம் ஒருமுறை வந்து பேசுங்கள் என்றார். மனைவிக்கு மட்டும் மாத்திரை எழுதினார்.

தூக்கத்துக்கு எங்கே போவது? யோசித்துப் பார்த்தால் கடலில் வலையை விட்டுவிட்டு நாங்கள் முறை வைத்துத்தான் தூங்குகிறோம். வீட்டில் அது எனக்குத் தோன்றவே இல்லை. ராத்திரி இரண்டு மணி வரை அவள், அதற்கப்புறம் நான் என்று வைத்துக்கொண்டோம். தடைக்காலம் முடிவதற்குள் எரிச்சல் பாதி இறங்கிவிட்டது. மீதி இறங்கத் தீபாவளி ஆனது.

நேரில் போகக் கூச்சமாக இருந்தால் 14416-க்குப் போன் போடுங்கள். அரசின் டெலி மனஸ் எண், காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். தொழிலுக்குப் போகிறவர்கள் கரையில் இருக்கும்போதே பேசிவிடுங்கள், உள்ளே போனால் சிக்னல் கிடைக்காது.