குளிர்சாதனப் பெட்டியைத் தொட்டால் சுள்ளென்கிறதா?

முதலில் குசினிக்குப் போவோம், மகள். கோபுரம் நிற்கட்டும், அது எங்கும் ஓடிவிடாது.

பெரிய கல்லாற்றில் இருந்து நீங்கள் எழுதிய மூன்று பக்கக் கடிதத்தில் இரண்டரைப் பக்கம் தென்னந்தோப்புக்கு அப்பால் புதிதாக எழும்பிய தொலைபேசிக் கோபுரத்துக்கும் வீட்டு வைஃபை பெட்டிக்கும் போய்விட்டது. நடுவில் ஒரே ஒரு வரி, அதுவும் அடைப்புக்குறிக்குள்: குளிர்சாதனப் பெட்டியின் கதவை வெறுங்காலோடு நின்று தொட்டால் விரல் நுனியில் சுள்ளென்கிறது, செருப்புப் போட்டிருந்தால் தெரிவதில்லை, கதிர்வீச்சு உடம்பு வழியாக நிலத்துக்கு இறங்குவதன் அடையாளம் இது என்று ஒரு காணொளியில் சொன்னார்கள், உண்மையா டொக்டர்? அதற்கு அடுத்த வரியில், கரண்டைத் தானாக நிறுத்தும் ட்ரிப் சுவிட்ச் போன மார்கழி மழைக்கு ஓயாமல் விழுந்ததால் கணவர் அதை விலக்கிவிட்டு நேரடியாக வயரைத் தொடுத்துவிட்டார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இப்போது மழை பெய்தாலும் வீட்டில் கரண்ட் நிற்பதில்லையாம்.

அந்த இடத்தில் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு ஒரு நிமிடம் சும்மா இருந்தேன்.

விரலில் சுள்ளென்பது கரண்ட். வேறு எந்தப் பெயரும் அதற்குத் தேவையில்லை. பெட்டிக்குள் ஏதோ ஒரு வயரின் உறை தேய்ந்தோ, எலி கடித்தோ, ஈரம் ஏறியோ மின்சாரம் வெளித் தகட்டுக்குக் கசிகிறது. சில இயந்திரங்களில் பழுது இல்லாமலேயே மிகச் சிறிய கசிவு இருப்பதும் உண்டு. உங்களுடையது எந்த வகை என்று விரலால் கண்டுபிடிக்க முடியாது, முயலவும் வேண்டாம். இரண்டுக்கும் பொதுவான ஒன்று போதும்: எர்த் வயர் சரியாக இருந்திருந்தால் அந்தக் கசிவு உங்களிடம் வந்திருக்காது. நிலத்துக்குப் போகும் சுலபமான வழி அதுதான். அந்த வழி அறுந்துபோனதால் மின்சாரம் உங்கள் விரல், மார்பு, கால் என்று வேறு வழி தேடியிருக்கிறது. செருப்புப் போட்டால் தெரியாமல் போவது அந்த வழியை ரப்பர் மறிப்பதால். காணொளிக்காரர் பாதி சரி: ஏதோ ஒன்று உங்கள் உடம்பு வழியாக நிலத்துக்கு இறங்கத்தான் செய்கிறது.

கல்லாற்றில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. சைக்கிள் சங்கிலியே ஆறு மாதத்தில் துருவேறும் ஊரில், குசினிச் சுவரோரம் மண்ணில் இறக்கிய எர்த் கம்பியும் அதன் பிடியும் மட்டும் புதிதாகவா இருக்கும்? சுனாமிக்குப் பின் கட்டிய வீடு என்கிறீர்கள். அந்தக் கம்பியை அதற்குப் பிறகு யாராவது குனிந்து பார்த்ததுண்டா? பிளக்கையும் பாருங்கள். மூன்று துளைப் பிளக்கில் இரண்டு முள் வயரைச் செருகுவதற்காக மேல் துளையில் பேனாவைக் குத்தித் திறக்கும் வித்தை நம் வீடுகளில் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். அந்த மேல் துளைதான் எர்த்.

சில கணக்குகளைச் சொல்கிறேன், பயமுறுத்துவதற்காகத்தான். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். உடம்பில் ஏறத்தாழ 1 மில்லி அம்பியர் ஓடும்போது சுள்ளென்று தெரியும். 10, 15 என்று ஏறினால் தசை இறுகிவிடும். பிடித்த கையை விட நினைத்தாலும் விட முடியாது. 50ஐத் தாண்டி ஓரிரு நொடி நீடித்தால் இதயம் சீராக அடிப்பதை விட்டுச் சும்மா நடுங்கத் தொடங்கலாம். நடுங்கும் இதயம் இரத்தத்தைத் தள்ளாது. உலர்ந்த தோலுக்கு ஒரு இலட்சம் ஓம் வரையில் தடை உண்டு. அவ்வளவு தடையும் அப்படியே நின்றால், முழு 230 வோல்ட்டும் பட்டால்கூட ஏறத்தாழ 2 மில்லி அம்பியர்தான் ஓடும். தோல் நனைந்தால் உடம்பின் தடை 1,000 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். அதே 230 வோல்ட் இப்போது 230 மில்லி அம்பியர். பெட்டி அதேதான், கதவு அதேதான், மாறியது ஈரம் மட்டும்.

உங்கள் மகனுக்கு ஏழு வயது. குளித்துவிட்டு ஈரத் தலையும் வெறுங்காலுமாக ஓடிவந்து தண்ணீர்ப் போத்தல் எடுக்கத் திறப்பதும் அந்தக் கதவைத்தான்.

ட்ரிப் சுவிட்ச் இருப்பது இதற்காகவே. வீடுகளுக்குப் போடுவது 30 மில்லி அம்பியர் கசிந்தால் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் விழுந்துவிடும். இதயத்துக்கு ஆபத்தான அளவுக்குக் கீழே அந்த எண் வைக்கப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். மார்கழி மழைக்கு அது ஓயாமல் விழுந்தது பழுதால் அல்ல. கசிவு இருக்கிறது, கசிவு இருக்கிறது என்று அது கத்தியிருக்கிறது. கணவர் வாயைக் கட்டிவிட்டார்.

வேலை செய்த காலத்தில் ஒரு வெள்ள நாளில் இளைஞன் ஒருவனைத் தூக்கி வந்தார்கள். முற்றத்தில் கணுக்கால் அளவு தண்ணீரில் நின்றபடி கிணற்று மோட்டாரைத் தொட்டிருக்கிறான். உடம்பில் ஒரு கீறல் இல்லை. உள்ளங்கையைத் திருப்பினால், கடுகைவிடக் கொஞ்சம் பெரிய சாம்பல் நிறத் தழும்பு, நடுவில் குழிந்து ஓரம் தடித்து, அவ்வளவுதான். அரை மணி நேரத்துக்கு மேல் நெஞ்சை அழுத்தினோம். இரண்டு வாரமாகவே மோட்டார் லேசாகச் சுள்ளென்றுகொண்டிருந்தது என்று அவனுடைய தாய் பிறகு சொன்னார். நீங்கள் எழுதிய அதே சொல்.

ஆகவே இன்றைக்கே, உலர்ந்த கையும் உலர்ந்த செருப்புமாகப் போய், சுவரில் உள்ள சுவிட்சை நிறுத்திவிட்டு பிளக்கைக் கழற்றுங்கள். மீனையும் பாலையும் பக்கத்து வீட்டில் கொடுத்து வையுங்கள். ட்ரிப் சுவிட்ச் திரும்ப மாட்டப்படும்வரை தண்ணீர் மோட்டாரையும் தொட வேண்டாம். வயரிங் தெரிந்த, அனுமதிப்பத்திரம் உள்ள மின் வேலைக்காரரைக் கூப்பிடுங்கள். கணவரின் கைத்திறமையை இந்தத் தடவை மாமரத்துக்கு ஊஞ்சல் கட்டப் பயன்படுத்தலாம். யாருக்காவது கரண்ட் அடித்துக் கை ஒட்டிக்கொண்டால் அவரைத் தொடாதீர்கள். முதலில் மெயின் சுவிட்ச். மூச்சு இல்லையென்றால் 1990 அம்புலன்சை அழைக்கச் சொல்லிவிட்டு, நெஞ்சின் நடுவில் இரண்டு கையாலும் வேகமாக அழுத்திக்கொண்டே இருங்கள். கரண்ட் அடித்து மயங்கியவர், நெஞ்சு படபடப்பவர், தோலில் கருகிய புள்ளி உள்ளவர், கர்ப்பிணி, இவர்களில் யாராக இருந்தாலும் எழுந்து நடமாடினார் என்று வீட்டில் வைத்திருக்காமல் களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலைக்குக் கொண்டுபோய் ஈசிஜி எடுக்க வேண்டும்.

இனி உங்கள் கோபுரம்.

நீங்கள் நேரடியாகக் கேட்காமல் மூன்று பக்கமும் சுற்றிச் சுற்றி வருவது ஒரே கேள்வியை: என் பிள்ளைக்கு மூளையில் கட்டி வந்துவிடுமா? இந்த அலைகளால் வராது என்றுதான் இன்று வரை கிடைத்த ஆராய்ச்சி சொல்கிறது. 2011இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வானொலி அலைகளை 2பி என்ற பிரிவில் போட்டது. உங்களுக்கு வந்த வாட்ஸ்அப் செய்தியில் அந்த ஒரு வரி மட்டும் சிவப்பில் இருக்கிறது. "சந்தேகம் உண்டு, போதிய சான்று இல்லை" என்ற பிரிவு அது. ஆசிய முறையில் ஊறவைத்த காய்கறிகளும் அதே பிரிவில்தான் இருக்கின்றன. அதைப் படித்துவிட்டு யாரும் ஊறுகாய்ப் போத்தலை வாவியில் எறிந்ததாக நான் கேள்விப்படவில்லை. உலக சுகாதார நிறுவனம் கேட்டுக்கொண்டதன்படி பல நாட்டு ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்த விரிவான மீளாய்வு 2024இல் வந்தது. பத்து வருடத்துக்கு மேல் கைத்தொலைபேசி பாவித்தவர்களிடமும் மூளைப் புற்றுநோய் கூடியிருப்பதாக அதில் தெரியவில்லை.

போன் அலைக்கும் வைஃபை அலைக்கும் நம் உடம்பின் மூலக்கூறுகளை உடைக்கும் வலு கிடையாது. அளவு மிகக் கூடினால் சூடாக்கும், அவ்வளவே. உச்சி வெயிலில் உள்ள புற ஊதாக் கதிருக்கு அந்த வலு உண்டு. அதில் பிள்ளையை மணிக்கணக்காகக் கிரிக்கெட் விளையாட விடுகிறோம். தூரம் இரண்டு மடங்கானால் அலையின் செறிவு நான்கில் ஒன்றாகும். கோபுரமோ அலையைத் தன் காலடியில் கொட்டுவதில்லை. பாலமீன்மடு வெளிச்சவீட்டின் அடியில் இரவில் நின்றவர்களுக்குத் தெரியும், ஒளி தலைக்கு மேலாகக் கடலுக்குப் போகும். உங்கள் தலைக்குக் கிடைக்கும் அலையில் பெரும்பங்கு நீங்கள் காதோடு ஒட்டிப் பிடிக்கும் போனில் இருந்துதான், அதுவும் சிக்னல் குறைந்த இடத்தில் போன் தன் வலுவைக் கூட்டும்போதுதான். கோபுரத்தைத் தூக்கச் சொல்லி மகஜர் கொடுத்து வென்றீர்கள் என்றால் ஊரில் எல்லாருடைய போனும் இன்னும் உரக்கக் கத்த வேண்டியிருக்கும்.

குறைத்தே ஆகவேண்டும் என்றால் நீண்ட பேச்சுக்கு ஸ்பீக்கரையோ காதுக்கருவியையோ பாவியுங்கள். போனைத் தலையணைக்கடியில் வைக்காதீர்கள். கணவர் போனின் முதுகில் ஒட்டியிருக்கும் அந்தப் பொன்னிற ஸ்டிக்கரை உரித்துவிடுங்கள்: அலையைத் தடுக்காவிட்டால் பணம் வீண், கொஞ்சம் தடுத்தால் போன் சிக்னலுக்காக வலுவைக் கூட்டும். கதிர்வீச்சைத் தடுக்கும் என்று வாங்கி வைத்திருக்கும் கறுப்புக் கல்லைக் கதவுக்கு முட்டுக் கொடுக்கலாம்.

மகனின் தலையிடி பாடசாலை நாட்களில், பின்னேரம் மட்டும் வருகிறது, சனி ஞாயிறில் இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கோபுரத்துக்கு வார விடுமுறை கிடையாது. கண்ணைப் பரிசோதியுங்கள், காலையில் சாப்பிட்டுவிட்டுப் போகிறானா, கொடுத்துவிட்ட தண்ணீர்ப் போத்தல் நிறைந்தபடியே திரும்பி வருகிறதா என்று பாருங்கள். விடியும்போதே தலையிடியோடு எழும்பி வாந்தியும் எடுத்தால், நடை தள்ளாடினால், அன்று எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். நித்திரை வராததற்குக் காரணம் கடிதத்தின் கடைசிப் பக்கத்திலேயே இருக்கிறது: பதினொரு மணி வரை போர்வைக்குள் போனில் விளையாட்டு. ஒன்பது மணிக்கு வீட்டில் உள்ள எல்லாப் போனும், உங்களுடையதும் சேர்த்து, விறாந்தை மேசைக்கு வரட்டும். பத்து நாள் அழுவான்.

ஆனால் அவனை நித்திரையாக்க இரவில் தடிமன் சிரப் ஒரு கரண்டி கொடுத்துவருவது மிகப் பெரிய தவறு. அது தூக்கத்துக்கான மருந்தல்ல. பாமசியில் கேட்டவுடன் கொடுத்தார்கள் என்பது நியாயமும் ஆகாது. மறுநாள் வகுப்பில் தூங்கி வழிவதாக ஆசிரியை சொன்னது அதனால்தான். போத்தலை இன்றே ஒதுக்குங்கள்.

உங்கள் களைப்புக்கும் முடி உதிர்வுக்கும் இரத்தத்தில் ஹீமோகுளோபினைப் பாருங்கள். கணவரின் காது சூடாவது போன் மின்கலத்தின் சூடு.

ஒன்று மிச்சம். பிள்ளையின் கட்டிலுக்கு "எர்த்திங் விரிப்பு" ஒன்று ஒன்லைனில் வாங்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். அதன் வயரைச் சுவர்ப் பிளக்கின் எர்த் துளையில் செருகி, பிள்ளையை அதன்மேல் படுக்க வைப்பார்கள். எர்த் அறுந்த வீட்டில், ட்ரிப் சுவிட்ச் இல்லாத வீட்டில், குளிர்சாதனப் பெட்டியின் கசிவு அந்த எர்த் வயர் வழியாகவே ஏறி அந்தக் கட்டிலுக்கு வரக்கூடும். வியர்த்து நித்திரை கொள்ளும் ஒரு பிள்ளையிடம். ஓடரை ரத்துச் செய்துவிட்டு அந்தப் பணத்தில் மின் வேலைக்காரருக்குக் கூலி கொடுங்கள்.

அவர் வந்தால் எர்த்தைக் கருவி வைத்து அளந்து எண்ணைச் சொல்லச் சொல்லுங்கள். "நல்லாத்தான் இருக்கு" என்பது எண் அல்ல. புறப்படுவதற்கு முன் ட்ரிப் சுவிட்ச்சில் உள்ள சிறிய சோதனைப் பொத்தானை அவர் முன்னாலேயே அழுத்துங்கள். வீடு இருட்டாக வேண்டும். இருட்டாகாவிட்டால் கூலியைக் கையில் வைத்துக்கொண்டே கதிரையில் உட்காருங்கள்.