சம்பந்தி வீட்டு செடருக்குப் புளியோதரை கொண்டுபோகலாமா?

கேள்வி: மகள் நியூஜெர்சியில் யூதக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். ஏப்ரல் 1 ராத்திரி சம்பந்தி வீட்டில் யூதர்களின் பாஸ்ஓவர் பண்டிகைக்கான செடர் என்ற சடங்கு விருந்து, சொந்தக்காரர்கள் 22 பேர் வருகிறார்கள். மகள் ஒன்றும் வேண்டாம் என்கிறாள். வெறுங்கையோடு எப்படிப் போவது? கோதுமைதானே கூடாது, புளியோதரை செய்து எடுத்துப்போகட்டுமா? மாப்பிள்ளையின் பாட்டி ரொம்ப ஆசாரம்.

பதில்: வேண்டாம் அம்மா. நான் கோஷர், அதாவது யூத உணவு விதிப்படி சமைக்கும் கேட்டரிங் சமையலறையில் 11 வருஷம் குப்பை கொட்டியவன், இந்தக் கேள்வி வருஷா வருஷம் வருகிறது.

நீங்கள் கேள்விப்பட்டது பாதி சரி. கோதுமை, பார்லி, ஓட்ஸ் என்று ஐந்து தானியங்களில் செய்த பண்டம் எதுவும் அந்த நாட்களில் வீட்டில் இருக்கவே கூடாது. அதற்கு ஹமேட்ஸ் என்று பெயர். மாவில் தண்ணீர் பட்ட 18 நிமிஷத்துக்குள் சுட்டெடுத்த மட்ஸா என்ற புளிக்காத ரொட்டி மட்டும் சேரும். ஆனால் ஐரோப்பாவிலிருந்து வந்த அஷ்கனாசி யூதர்கள் அரிசி, பருப்பு, எள், கடுகு எல்லாவற்றையும் கித்னியோட் என்று சொல்லி அதையும் அந்த வாரம் தொடமாட்டார்கள். உங்கள் புளியோதரையை எண்ணிப் பாருங்கள்: அரிசி, கடுகு, கடலைப்பருப்பு, உளுத்தம்பருப்பு, நல்லெண்ணெய், வேர்க்கடலை. தேறுவது புளியும் மிளகாயும் மஞ்சளும்தான்.

இதையெல்லாம் விடப் பெரிய வில்லன் பெருங்காயம். டப்பாவைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படியுங்கள், பெரும்பாலானவற்றில் மைதா கலந்திருக்கும். அது கித்னியோட் இல்லை, அசல் ஹமேட்ஸ். ஒரு சிட்டிகைதானே என்று தோன்றும், ஆனால் பாட்டிக்குக் கணக்கு சிட்டிகையில் இல்லை.

உடனே யாராவது வந்து "ஸெஃபார்டி யூதர்கள் அரிசி சாப்பிடுவார்களே" என்பார்கள். உண்மைதான், ஸ்பெயின், மத்தியக் கிழக்கு, வட ஆப்பிரிக்கா வழி வந்தவர்களை அப்படிச் சொல்வார்கள். ஈராக்கிலிருந்து வந்த குடும்பங்கள் சாப்பிடும், அதற்கு முன்னால் கோதுமை மணி ஏதும் கலந்திருக்கிறதா என்று தட்டில் பரப்பி மூன்று தரம் பொறுக்கிப் பார்ப்பார்கள், நம் வீட்டில் கல் பொறுக்குவது மாதிரி. அதே ஸெஃபார்டி வழக்கம்தான் என்று சொல்லிக்கொள்ளும் மொராக்கோ குடும்பங்களில் நிறையப் பேர் அரிசி சாப்பிடமாட்டார்கள். 2015 கடைசியில் யூத மதத்தில் கன்சர்வேடிவ் என்ற மிதமான பிரிவின் சட்டக் குழு அஷ்கனாசிகளும் கித்னியோட் சாப்பிடலாம் என்று சொல்லிவிட்டது. பேத்தி அதைக் கேட்டுச் சாப்பிடுவாள், பாட்டி சாப்பிடமாட்டாள், இரண்டு பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்திருப்பார்கள். ஆகவே சம்பந்தி எந்த ஊர் வழி என்று மகளிடம் கேளுங்கள். ஆனால் அரிசி சாப்பிடும் வீடாகவே இருந்தாலும் உங்கள் புளியோதரை உள்ளே போகாது, ஏனென்றால் பாத்திரம். பாஸ்ஓவருக்கென்றே தனிப் பாத்திரம், தனிக் கரண்டி வைத்திருப்பார்கள். மடி என்றால் என்ன என்று தெரிந்த உங்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. நேற்று சப்பாத்தி போட்ட அடுப்பில் வெந்தது எதுவானாலும் பத்து, அதாவது தீட்டுப் பட்ட மாதிரிதான்.

சரி, கடையில் வாங்கிவிடலாம் என்று கிளம்பிவிடாதீர்கள், அங்கேதான் ஆளைக் கவிழ்ப்பார்கள். "கோஷர்" முத்திரை வேறு, "பாஸ்ஓவருக்கு கோஷர்" முத்திரை வேறு. முதலாவது வருஷம் முழுக்கச் செல்லும், பிஸ்கட் மேலேகூட இருக்கும். மட்ஸாவிலேயே பாஸ்ஓவருக்கு ஆகாது என்று மூலையில் அச்சடித்த பெட்டி உண்டு, அதையும் பண்டிகை அடுக்கில் கொண்டுவந்து வைக்கிறார்கள். இணையத்தில் விற்கும் "யூதப் பண்டிகைப் பரிசுக் கூடை" இருக்கிறதே, அதைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல். ஒரு வீட்டில் நான் பரிமாறிக்கொண்டிருந்தபோது விருந்தாளி ஒருவர் செலஃபோன் தாள் சுற்றி, நீல ரிப்பன் கட்டிய கூடையைக் கொடுத்தார். உள்ளே கோதுமை பிஸ்கட். வீட்டம்மா சிரித்த முகத்தோடு வாங்கி, பின்வாசல் வழியாகப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு வந்து கை கழுவினார். விற்றவனுக்கு என்ன, காசு வந்துவிட்டது. முத்திரை கொடுக்கும் அமைப்புகள் இத்தனை இருந்தும் சாதாரண ஆளுக்குப் புரிகிற மாதிரி ஒரே அடையாளத்துக்கு வரமாட்டேன் என்கிறார்கள். பண்டிகை வந்தால் விலை மட்டும் ஒற்றுமையாக ஏறுகிறது.

இனிப்பும் வேண்டாம். செடர் பெரும்பாலும் இறைச்சி விருந்து, இறைச்சியோடு பால் சேராது என்பதால் பால், நெய் கலந்தது அந்த மேஜைக்கு வராது. நீங்கள் சைவம் என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள், அங்கே பிரிஸ்கெட் என்று வருவது மாட்டிறைச்சி.

அப்படியானால் என்ன கொண்டுபோகலாம்? நறுக்காத பழம். பூங்கொத்து, அதுவும் பொழுது சாய்வதற்குள் போய்ச் சேர வேண்டும். இவற்றைவிட நல்ல யோசனை ஒன்று சொல்கிறேன். செடரில் அஃபிகோமன் என்று ஒரு மட்ஸாத் துண்டை ஒளித்துவைப்பார்கள், சாப்பாடு முடிகிற நேரத்தில் குழந்தைகள் தேடிக் கண்டுபிடித்தால் பரிசு. எத்தனை குழந்தைகள் என்று கேட்டு அத்தனை பம்பரம், அல்லது சோழியோடு ஒரு பல்லாங்குழி வாங்கிப் போங்கள். வெள்ளிப் பிள்ளையார் மட்டும் வேண்டவே வேண்டாம், அது உங்கள் வீட்டு நவராத்திரிக்கு.

அப்புறம், அன்றைக்குச் சாயங்காலம் 5 மணிக்கு வீட்டில் தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். ஆசாரமான வீடு என்றால் இருட்டிய பிறகுதான் ஆரம்பிப்பார்கள். செடரில் மொத்தம் 15 படி, விருந்து 11வது. அதற்கு முன்னால் கையில் கிடைப்பது உப்புத் தண்ணீரில் தோய்த்த ஒரு கீரைத் துண்டு, கொஞ்சம் மட்ஸா, கண்ணில் நீர் வரவைக்கும் கசப்புக் கிழங்கு, இவ்வளவுதான்.