இரண்டு தசாவதாரம், மூன்று செட்டியார்

கேள்வி: மாமியாரின் கொலுப் பெட்டிகளும் எங்களிடம் வந்துவிட்டன. எங்கள் பொம்மைகளோடு சேர்த்தால் தசாவதார செட் இரண்டு, செட்டியார் ஜோடி மூன்று, மேளக்காரர்கள் இரண்டு செட், மரப்பாச்சி இரண்டு ஜோடி. ஃபிளாட்டில் ஐந்து படிக்குத்தான் இடம். மகள் அமெரிக்காவில் இருக்கிறாள். எதை வைத்துக்கொள்வது, எதைக் கொடுப்பது?

பதில்: அவசரப்பட்டு எதையும் கொடுத்துவிடாதீர்கள். தரையில் பழைய வேட்டி ஒன்றை விரித்து, ஒரே மாதிரி இருப்பவற்றைப் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்துங்கள். இரட்டை என்று நினைத்ததில் பாதி இரட்டையே இல்லை என்று தெரியும்.

தசாவதாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்து செட்டில் பெரும்பாலும் ராமர், பலராமர், கிருஷ்ணர் என்று வரிசை போகும். சில செட்டுகளில் பலராமர் இல்லாமல் புத்தர் இருப்பார். உங்கள் இரண்டு செட்டும் அப்படி வேறுபட்டால் இரண்டையும் வைத்துக்கொள்வதுதான் என் கட்சி. வருஷத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றி வைக்கலாம்.

அடுத்து, எதனால் செய்தது என்று பாருங்கள். அடியில் வண்ணம் படாத இடத்தை விரல் நகத்தால் லேசாகத் தட்டினால் சுடுமண் ‘டிங்’ என்று சொல்லும், காகிதக்கூழ் மந்தமாகக் கேட்கும். கீறினால் வெள்ளையாக மாவு உதிர்ந்தால் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். மண்ணும் பிளாஸ்டரும் ஒரே மாதிரி இருந்தால் மண்ணை வைத்துக்கொண்டு பிளாஸ்டரைக் கொடுங்கள். பழைய மண் பொம்மையின் அச்சு இன்று எந்தப் பட்டறையிலும் இல்லாமல் போயிருக்கலாம். பிளாஸ்டர் செட் அடுத்த புரட்டாசியிலும் கடையில் கிடைக்கும். பழசை ஈரத்துணியால் துடைத்துவிடாதீர்கள், தண்ணீர் பட்டால் வண்ணம் கையோடு வந்துவிடும். காய்ந்த மென்மையான தூரிகை போதும்.

மேளக்காரர்களைப் பிரிக்கவே வேண்டாம். நாதசுரம் ஒன்று, தவில் ஒன்று என்று வரும் செட்டைப் பார்த்தால் எனக்கு எப்போதும் ஒரு குறை. நிஜக் கல்யாணத்தில் இரண்டு நாதசுரம், இரண்டு தவில் நிற்பதுதானே வழக்கம்? உங்கள் இரண்டு செட்டையும் சேர்த்து நிறுத்துங்கள், உயரம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை. செட்டியார் ஜோடியில் இரண்டை வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு ஜோடிக்கு அரிசி, பருப்பு, இன்னொன்றுக்கு மிளகாய், மஞ்சள் என்று பரப்பினால் கடைத்தெரு தயார். மூன்றாவது ஜோடியைக் கொடுத்துவிடலாம்.

கொடுப்பது என்று முடிவானால் ஆவணியிலேயே கொடுங்கள். நவராத்திரி முடிந்து கொடுத்தால் வாங்கியவர் வீட்டில் அது ஒரு வருஷம் பெட்டியில் கிடக்கும். முதல் கொலு வைக்கப்போகும் புதுமணத் தம்பதிதான் சரியான ஆள். செட்டை உடைத்துத் தராமல் முழுசாகக் கொடுங்கள். விற்க நினைத்தால், பழைய பொம்மைக்குப் பெரிய விலை எதிர்பார்க்காதீர்கள். சின்னக் குழந்தைகள் விளையாடக் கொடுப்பதும் வேண்டாம். பழைய வண்ணத்தில் ஈயம் இருக்கலாம், குழந்தை வாயில் வைக்கும்.

மூக்கு உடைந்தவற்றை அரசமரத்தடியில் வைத்துவிட்டு வரும் பழக்கம் உண்டு. செய்யாதீர்கள், அதைக் கூட்டி அள்ளுவது யாரோ ஒரு துப்புரவுத் தொழிலாளி. எம்-சீலில் மூக்கு வைத்து, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்து வண்ணம் தீட்டினால் இரண்டாம் படியில் நிற்கும் அளவுக்குத் தேறிவிடும்.

அப்புறம் மரப்பாச்சி. உங்களுடையது பழசு என்றால் செம்மரமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு ஜோடியை மகளுக்குக் கொடுப்பது நல்ல யோசனைதான், ஆனால் சூட்கேஸில் போட்டு அனுப்பிவிடாதீர்கள். செம்மரத்தை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக இந்தியச் சட்டத்தில் கடுமையான கட்டுப்பாடு உண்டு, சர்வதேச வனவுயிர் வணிக ஒப்பந்தப் பட்டியலிலும் அந்த மரம் இருக்கிறது. வனத்துறையில் கேட்டுத் தெளிவாகும்வரை அவள் பங்கு உங்கள் முதல் படியிலேயே நிற்கட்டும்.